அப்பா குடியை விட்டுவிட்டார், எனக்கு ஏன் இன்னும் கை நடுங்குகிறது?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா பாருங்கள். வயது 24, சென்னையில் வேலை, ஹாஸ்டல் வாசம். பன்னிரண்டாம் வகுப்பு முடியும் வரை அப்பா குடித்துவிட்டு வந்து அம்மாவை அடிப்பார், குறுக்கே போனால் உங்களுக்கும் விழும். நான்கு வருடமாக அவர் குடிப்பதில்லை, வீடு அமைதியாகிவிட்டது. ஆனாலும் டீம் லீட் குரலை உயர்த்தினால் உங்களுக்குக் கை நடுங்குகிறது, வாயில் வார்த்தை வருவதில்லை. பழகுகிறவர் ஒரு மணி நேரம் பதில் போடவில்லை என்றால் இனி அவ்வளவுதான் என்று தோன்றிவிடுகிறது. அதே வீட்டில் வளர்ந்த தம்பி நன்றாகத்தான் இருக்கிறான். இணையத்தில் சிறுவயதுக் கொடுமைகளைப் பற்றிய ஒரு பத்துக் கேள்விப் பட்டியலை நிரப்பினீர்கள், 5 வந்தது, அதற்குக் கீழே இருந்த நோய்களின் வரிசையைப் படித்ததிலிருந்து தூக்கம் போய்விட்டது. மூளை நிரந்தரமாகக் கெட்டுவிட்டதா, கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்கிறீர்கள். எல்லாம் முடிந்துபோன பிறகும் எனக்கு மட்டும் ஏன் முடியவில்லை என்பதுதான் இரண்டுக்கும் அடியில் இருக்கிற கேள்வி என்று நினைக்கிறேன்.

நான் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். பல வருடம் குடிநோய்ப் பிரிவில் வேலை பார்த்தேன், அங்கே குடிப்பவரை விட அவரோடு வருகிற மனைவி பிள்ளைகளிடம்தான் அதிகம் பேசியிருப்பேன். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகள் படித்து, வேலைக்குப் போய், இருபதுகளில் தனியாக வந்து உட்காருவார்கள், கிட்டத்தட்ட நீங்கள் எழுதியதையே சொல்வார்கள். அந்த அனுபவத்திலிருந்து பேசுகிறேன். ஆனால் நேரில் பார்க்காமல் உங்களுக்கு இன்ன நோய் என்று சொல்ல எனக்கு வழியில்லை, அப்படிச் சொல்பவர்களையும் நம்பாதீர்கள்.

குடிக்கிற அப்பா இருக்கும் வீட்டில், வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்கும்போதே அன்றைய ராத்திரி எப்படிப் போகும் என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடும். ஸ்டாண்டு போடுகிற விதம், கேட்டைத் தள்ளுகிற வேகம், "சாப்பாடு போடு" என்பதில் இருக்கும் இழுவை, எல்லாமே தகவல். தம்பியை உள்ளே அனுப்புவதா, அம்மா பக்கத்தில் நிற்பதா, தூங்குகிற மாதிரி படுத்துவிடுவதா என்று முடிவெடுக்க ஓரிரு நிமிடம் கிடைக்கும். அந்த ஓரிரு நிமிடத்தைச் சம்பாதிக்கத்தான் மூளை பழகுகிறது. இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். சேத் போலாக் என்ற அமெரிக்க உளவியலாளர் 2002ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு முகம் படிப்படியாகக் கோப முகமாக மாறுகிற படங்களைக் குழந்தைகளுக்குக் காட்டினார். அடி வாங்கி வளர்ந்த பிள்ளைகள் மற்றவர்களை விட முன்னதாகவே, கோபம் லேசாகத் தலைகாட்டும் படத்திலேயே, இது கோபம் என்று கண்டுபிடித்தார்கள். 2011ல் லண்டனில் ஏமன் மெக்குரோரி குழுவினர் வீட்டு வன்முறையைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளை ஸ்கேன் செய்தார்கள். கோப முகத்தைப் பார்த்ததும் மூளையில் ஆபத்தைக் கண்டுகொள்ள உதவும் அமிக்டலா, முன் இன்சுலா என்ற இரண்டு பகுதிகள் அதிகமாக வேலை செய்தன. போர்முனைக்குப் போய்வந்த சிப்பாய்களிடம் பார்த்த அதே இரண்டு பகுதிகள் இவை. அந்தப் பிள்ளைகளுக்கு அப்போது மனநோய் என்று எதுவும் கிடையாது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஆகவே மூளை வேறு மாதிரி பழகியிருக்கிறதா என்று கேட்டால், பெரும்பாலும் ஆம். கெட்டுவிட்டதா என்று கேட்டால், அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை. ஆபத்து இருந்த வீட்டுக்குப் பொருத்தமாகப் பழகிய ஒன்று, ஆபத்தில்லாத ஆபீஸிலும் அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. டீம் லீட் சத்தம் போடும்போது வார்த்தை நின்றுபோவதும் இதில் சேர்ந்ததுதான், ஏனென்றால் அந்த வீட்டில் பதில் பேசாமல் உறைந்து நின்றதுதான் பல நாள் உங்களைக் காப்பாற்றியிருக்கும்.

அப்படியானால் அப்பா குடியை நிறுத்திய பிறகு ஏன் இது வெளியே வருகிறது? நான் பார்த்தவர்களில் பெரும்பாலானவர்கள் பிரச்சினை நடந்துகொண்டிருந்த காலத்தில் வகுப்பில் முதல் மாணவிகள், வீட்டில் பொறுப்பானவர்கள். சமாளித்தே ஆக வேண்டும் என்கிற வரைக்கும் உடம்பும் மனசும் தாக்குப்பிடிக்கும். ஊரை விட்டு வந்து, பத்திரமான ஒரு அறை கிடைத்து, முதல் முறையாக ஒருவரை நம்பத் தொடங்கும்போது எல்லாம் மேலே வரும். இது சிகிச்சை அறையில் கண்டது, ஆய்வு அளவுக்கு உறுதி என்று சொல்ல மாட்டேன். ஆய்வில் உறுதியாக இருப்பது வேறொன்று: 2005ல் ரொனால்டு கெஸ்லர் வெளியிட்ட அமெரிக்கக் கணக்கெடுப்பின்படி, வாழ்நாளில் மனநலப் பிரச்சினை வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அது 14 வயதுக்குள்ளும் முக்கால்வாசிப் பேருக்கு 24 வயதுக்குள்ளும் தொடங்கிவிடுகிறது. எந்த மாதிரி வீட்டில் வளர்ந்திருந்தாலும் உங்கள் வயது கொஞ்சம் ஆட்டம் காணும் வயதுதான். அதனால் இப்போது வருகிற ஒவ்வொரு பதற்றத்தையும் அப்பா கணக்கில் எழுதிவிட வேண்டாம் என்பது என் கருத்து.

இனி அந்த 5. நீங்கள் நிரப்பிய பட்டியல், வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா என்ற இரண்டு மருத்துவர்கள் 1998ல் வெளியிட்ட ஆய்விலிருந்து வளர்ந்தது. சான் டியாகோவில் ஃபெலிட்டி நடத்திய உடல் பருமன் சிகிச்சையில், எடை நன்றாகக் குறைந்துகொண்டிருந்தவர்களே பாதியில் நின்றுபோனார்கள். ஏன் என்று தோண்டியபோது பலருக்குச் சிறுவயதில் நடந்த கொடுமைகள் வெளியே வந்தன. அதன் பிறகு இரண்டு கட்டமாக 17,000க்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டார்கள். நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட வகைக் கொடுமைகளைச் சந்தித்தவர்களுக்கு, எதையும் சந்திக்காதவர்களோடு ஒப்பிட்டால், குடி, போதை, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவை 4 முதல் 12 மடங்கு அதிகமாக இருந்தன. உங்களைத் தூங்கவிடாமல் செய்தது இந்த எண்தான். எண் பொய் கிடையாது. ஆனால் இது ஒரு பெரிய கூட்டத்தின் சராசரியைச் சொல்கிறது. ஐந்து வாங்கிய ஒரே ஒரு பெண்ணுக்கு என்ன ஆகும் என்பதை இது சொல்லாது, சொல்ல முடியாது. அந்தப் பட்டியலை உருவாக்கிய ஆண்டாவே 2020ல் சக ஆய்வாளர்களோடு சேர்ந்து, இந்த மதிப்பெண்ணை வைத்துத் தனி ஒருவரின் ஆபத்தைக் கணிக்கக் கூடாது என்று எழுதினார். காரணமும் எளிது: ஒரு முறை நடந்ததா, பத்து வருடம் நடந்ததா, எந்த வயதில் நடந்தது என்று பட்டியல் கேட்பதில்லை. பாட்டி வீட்டுக்கு ஓடிப்போக வழி இருந்ததா என்றும் கேட்பதில்லை. பள்ளியில் வாத்தியார் பிரம்பால் விளாசியதும், சாதியைச் சொல்லி அவமானப்படுத்தியதும், பசியும், போரும் அதில் இல்லவே இல்லை.

போர் என்று சொன்னதால் ஒன்று. கிளாடியா கத்தானி குழுவினர் இலங்கையின் வடகிழக்கில் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வு 2008ல் வந்தது. போரையும் சுனாமியையும் பார்த்த பிள்ளைகள் அவர்கள். அப்படியிருந்தும் வீட்டுக்குள் நடந்த வன்முறை அந்த இரண்டுக்கும் மேல் தனியாகப் பாதிப்பைக் கூட்டியது. வீட்டில் பிள்ளை அடிவாங்குவதற்குத் தொடர்புடையதாக அவர்கள் கண்டவற்றில் முக்கியமானது அப்பாவின் குடி. வீட்டுக்குள் நடந்ததுதானே, என்ன பெரிய விஷயம் என்று உங்களிடம் யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

சந்தேகமான பகுதிகளையும் சொல்ல வேண்டும். முதலாவது, காரணம் எவ்வளவு என்பது. குடிக்கு அடிமையாகும் போக்கில் ஏறக்குறைய பாதி மரபு வழியாக வருகிறது என்று இரட்டையர் ஆய்வுகள் சொல்கின்றன. பதற்றமும் ஓரளவு குடும்பத்தில் ஓடும். ஆக உங்கள் பதற்றத்தில் எவ்வளவு அடியால் வந்தது, எவ்வளவு ரத்தத்தில் வந்தது? 2023ல் ஜெஸ்ஸி பால்ட்வின் குழுவினர், குடும்பப் பின்னணியையும் மரபையும் கழித்துப் பார்க்கக்கூடிய 34 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். கழித்த பிறகு, கொடுமைக்கும் மனநலப் பிரச்சினைக்கும் இடையிலான தொடர்பு பாதிக்குச் சற்று அதிகமாக மிஞ்சியது. கொடுமை உண்மையிலேயே பாதிக்கிறது, ஆனால் வெறும் ஒப்பீட்டில் தெரிகிற அளவுக்கு இல்லை. இரண்டாவது, நினைவு. சிறுவயதில் பதிவான கொடுமையையும், அதே ஆட்கள் வளர்ந்த பிறகு சொன்னதையும் ஒப்பிட்ட 2019ஆம் ஆண்டுத் தொகுப்பு ஆய்வு ஒன்றில், பதிவில் இருந்தவர்களில் 52 சதவீதம் பேர் பின்னாளில் அதைச் சொல்லவில்லை. பின்னாளில் சொன்னவர்களில் 56 சதவீதம் பேருக்குப் பதிவு இல்லை. இதனால் அவர்கள் பொய் சொன்னார்கள் என்று ஆகாது, நம் ஊரில் எந்த அடி எந்த ரிஜிஸ்டரில் ஏறியிருக்கிறது. ஆனால் நினைவு இல்லாத இடத்தில் ஹிப்னாடிசம் செய்து "புதைந்த ட்ராமாவை", அதாவது மனதில் பதிந்த பழைய காயத்தை, எடுத்துத் தருகிறேன் என்பவரிடம் போகாதீர்கள், இல்லாத நினைவு உண்டாக வாய்ப்பு இருக்கிறது. மூன்றாவது, பெற்றவர்கள் பட்ட அடி மரபணு வழியாக அடுத்த தலைமுறைக்குக் கடத்தப்படுகிறது என்ற பேச்சு. எலிகளில் சில சான்றுகள் உண்டு, மனிதர்களில் இப்போதைக்கு மிக மெலிது. அதை வைத்து உங்கள் பிறக்காத குழந்தைக்காகக் கவலைப்படத் தேவையில்லை.

தம்பி விஷயம். ஒரே வீடு என்று நாம் சொல்கிறோம், இரண்டு பிள்ளைகளுக்கு அது ஒரே வீடாக இருப்பது அபூர்வம். அவனை உள்ளறைக்கு அனுப்பிவிட்டு வாசலில் நின்றது நீங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவன் நன்றாக இருப்பதில் உங்கள் பங்கு இருக்கிறது. பிறவி சுபாவமும் உண்டு. ஹவாயின் கவாய் தீவில் எம்மி வெர்னரும் ரூத் ஸ்மித்தும், 1955ல் பிறந்த 698 பேரைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். வறுமை, குடி, சண்டை எல்லாம் சேர்ந்த வீடுகளில் பிறந்தவர்களில் மூன்றில் ஒருவர் பெரிய சிக்கல் எதுவும் இல்லாமல் வளர்ந்தார்கள். பெற்றோர் இல்லாவிட்டாலும் பாட்டியோ, அத்தையோ, ஒரு டீச்சரோ, நிலையாக ஒருவர் அவர்களுக்கு இருந்தார்கள். எனக்கு அந்த ஆய்வில் அதை விட முக்கியமாகப் படுவது மற்ற மூன்றில் இரண்டு பங்கு. பதின்ம வயதில் தடுமாறியவர்களில் பலர் முப்பதுகளில் நிமிர்ந்துவிட்டார்கள். நல்ல துணை, தொடர்ந்த படிப்பு, நிலையான வேலை, தங்களை ஏற்றுக்கொண்ட ஒரு சமூகம் இவைதான் அதற்குக் கைகொடுத்தன. எதிர்ப்பக்கமும் சொல்ல வேண்டும். ருமேனியாவின் அனாதை இல்லங்களிலிருந்து இங்கிலாந்தில் தத்தெடுக்கப்பட்ட குழந்தைகளை மைக்கேல் ரட்டர் குழு பின்தொடர்ந்தது. ஆறு மாதத்துக்கு மேல் அங்கே கிடந்தவர்களில் பலருக்கு இருபதுகளிலும் பிரச்சினை தொடர்ந்தது, அன்பான வீடு கிடைத்த பிறகும். ஆனால் அது கைக்குழந்தையை யாரும் தூக்காமல், பேசாமல் போட்டுவைத்த கடுமையான புறக்கணிப்பு. உங்கள் கதை அது அல்ல. உங்களை வளர்த்த ஒரு அம்மா இருந்தார்.

அந்த அம்மாவைப் பற்றித்தான் நீங்கள் ஒரே வரியில் எழுதிவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறீர்கள்: "அம்மா மேல்தான் எனக்குக் கோபம் அதிகம் வருகிறது, அது தப்பு என்று தெரியும்." இது தப்பில்லை, இது நான் திரும்பத் திரும்பக் கேட்கிற ஒன்று. அடித்தவர் மேல் பயம் இருக்கும், காப்பாற்றியிருக்க வேண்டியவர் மேல்தான் கோபம் வரும். ஏன் அந்த வீட்டை விட்டு எங்களைக் கூட்டிக்கொண்டு போகவில்லை, ஏன் மறுநாள் காலையில் ஒன்றும் நடக்காத மாதிரி அவருக்குத் தோசை சுட்டாள் என்று. அம்மாவிடம் பணம் இல்லை, பிறந்த வீட்டில் இடம் இல்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் கோபம் வரும், இரண்டும் ஒன்றாக இருக்கலாம். அதே மாதிரி, அப்பா திருந்திவிட்டார் என்பதால் சொந்தபந்தம் எல்லாம் இப்போது அவரைப் பாராட்டும், குடியை விட்டது நிஜமாகவே பெரிய காரியம்தான், நான் அந்தப் பிரிவில் வேலை பார்த்தவள், அது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். ஆனால் "அதான் அப்பா மாறிட்டாரே, இன்னும் ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கே" என்று உங்களிடம் சொல்வது நியாயம் இல்லை. அவர் குடியை நிறுத்தியது அவருடைய சிகிச்சை. உங்களுடையது இன்னும் தொடங்கவே இல்லை. மன்னித்தால்தான் குணமாகும் என்று பலர் சொல்வார்கள், பேச்சுவார்த்தையை வெட்டினால்தான் குணமாகும் என்று இன்ஸ்டாகிராமில் வேறு சிலர் சொல்வார்கள். என் அனுபவத்தில் இரண்டும் கட்டாயம் இல்லை. மன்னிக்காமலே தேறியவர்கள் உண்டு, தீபாவளிக்கு வீட்டுக்குப் போய்க்கொண்டே தேறியவர்களும் உண்டு.

இதற்குப் பெயர் என்ன என்றும் கேட்டிருந்தீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல், 2022 முதல் நடைமுறையில் இருக்கும் பதினொன்றாவது பதிப்பு, சிக்கலான பிடிஎஸ்டி என்று ஒன்றைச் சேர்த்திருக்கிறது. பிடிஎஸ்டி என்பது பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு வரும் மன அழுத்த நோய். நடந்தது கண்முன் திரும்ப வருவது, அதை நினைவூட்டும் எதையும் தவிர்ப்பது, எப்போதும் எச்சரிக்கையாக இருப்பது ஆகியவற்றோடு, உணர்ச்சியைக் கட்டுக்குள் வைக்க முடியாமை, நான் எதற்கும் லாயக்கில்லை என்ற நிலையான எண்ணம், நெருங்கிய உறவில் தொடர்ந்து சிக்கல் என்ற மூன்றும் இருக்க வேண்டும், வாழ்க்கையையும் பாதிக்க வேண்டும். நீங்கள் எழுதியதில் சில பொருந்துகின்றன, சில இல்லை. சாதாரணப் பதற்ற நோயாகவும் இருக்கலாம். நோய் என்று சொல்லும் அளவுக்கே இல்லாமலும் இருக்கலாம், இப்படி வளர்ந்தவர்களில் பிடிஎஸ்டி வராதவர்களே அதிகம். இன்னொரு விஷயம், கை நடுக்கம், படபடப்பு, எடை குறைவு என்று எழுதியிருப்பதால், எதற்கும் முன்னால் தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்த்துவிடுங்கள். உங்கள் வயதுப் பெண்களில் இதைப் பார்க்காமலே மனப் பிரச்சினை என்று ஒதுக்கிவிடுவது அடிக்கடி நடக்கிறது.

சிகிச்சை வேலை செய்கிறதா என்றால், செய்கிறது. ட்ராமாவை மையமாக வைத்த சிபிடி (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை), ஈஎம்டிஆர் (கண்ணை அசைத்தபடி நினைவைத் திரும்பப் பார்க்கும் சிகிச்சை) இரண்டுக்கும் நல்ல ஆதாரம் இருக்கிறது. ஈஎம்டிஆரில் கண்ணை அசைப்பதுதான் குணப்படுத்துகிறதா, நினைவைப் பத்திரமாகத் திரும்பப் பார்ப்பதா என்ற சண்டை இன்னும் தீரவில்லை, ஆனால் பலன் கிடைக்கிறது. வழக்கமாக 8 முதல் 12 அமர்வு என்பார்கள், வருடக்கணக்கில் நடந்ததற்கு இன்னும் கூடுதலாக ஆகலாம். மனச்சோர்வும் சேர்ந்திருந்தால் மனநல மருத்துவர் செர்ட்ரலின் மாதிரி மருந்து தரலாம், அது பழக்கமாகிவிடும் என்று பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது தோழி கொடுத்ததாகச் சொன்ன அல்பிரசோலம் என்ற பதற்ற மாத்திரைக்கு. அந்த ராத்திரி தூக்கம் வரும், ட்ராமாவை ஆற்றாது, தொடர்ந்து போட்டால் விட முடியாமல் போகும். வாரக்கணக்கில் போட்டுக்கொண்டிருந்தால் திடீரென்று நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லிப் படிப்படியாகக் குறையுங்கள்.

யாரிடம் போவது என்பதில் கவனம் வேண்டும், கவுன்சலர் என்று யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் இருக்கும், தயங்காமல் கேளுங்கள். ட்ராமாவுக்கு எந்த முறையில் சிகிச்சை தருவீர்கள் என்றும் கேளுங்கள். முதல் நாளே எல்லாவற்றையும் சொல்லச் சொல்லி வற்புறுத்துபவர், "பெத்தவங்க தானேம்மா" என்று சமாதானம் செய்பவர், இரண்டு பேரிடமும் மறுபடி போக வேண்டாம். பணம் பிரச்சினை என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. கல்யாணப் பேச்சில் வெளியே தெரிந்துவிடுமோ என்று எழுதியிருந்தீர்கள், 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின்படி உங்கள் சிகிச்சை விவரம் ரகசியம், உங்கள் அப்பா அம்மாவுக்குக்கூட உங்கள் சம்மதம் இல்லாமல் சொல்லக் கூடாது, உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைமைகள் மட்டும் விதிவிலக்கு. செத்துவிடலாம் என்ற எண்ணம் எப்போதாவது வந்தால் அப்பாயின்ட்மென்டுக்காகக் காத்திருக்காதீர்கள். 14416க்கு அழையுங்கள், டெலிமானஸ் என்ற அரசின் மனநல உதவி எண், 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம்.

கல்யாணம் செய்துகொள்ளலாமா என்றால், தாராளமாக. அடி வாங்கியவர் அடிப்பார் என்று சொல்வதை நம்பி எத்தனையோ பேர் குழந்தையே வேண்டாம் என்று உட்கார்ந்திருக்கிறார்கள். கேத்தி விடோம் என்ற ஆய்வாளர், கொடுமைக்கு ஆளானதாக நீதிமன்றப் பதிவில் இருந்த குழந்தைகளை சுமார் 30 வருடம் பின்தொடர்ந்து 2015ல் எழுதினார். அவர்கள் பெற்றோரான பிறகு, தங்கள் பிள்ளைகளை அடிக்கும் விஷயத்தில் மற்ற பெற்றோரை விடத் தெளிவாக அதிகம் இல்லை. பிள்ளையைச் சரியாகக் கவனிக்காமல் விடுவதில் கொஞ்சம் தொடர்பு இருந்தது, ஆகவே பிரசவத்துக்குப் பிறகு மனச்சோர்வு வந்தால் உடனே உதவி கேட்பது உங்களுக்கு மற்றவர்களை விட முக்கியம். குடும்பத்தில் குடிநோய் இருப்பதால் நீங்களும் தம்பியும் மதுவை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது, அவனிடம் இதைச் சொல்லுங்கள்.

இப்போது பழகுகிறவரிடம் முழுக் கதையையும் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. "சத்தம் கூடினால் எனக்குப் பேச்சு நின்றுவிடும், கோபத்தில் இல்லை, அரை மணி நேரம் கொடு, நானே வந்து பேசுகிறேன்" என்பது போதும். ஆனால் அரை மணி நேரம் கழித்து நீங்கள் கட்டாயம் போய்ப் பேச வேண்டும், அதுதான் கஷ்டமான பாதி. அவர் அதைக் கேட்டு எப்படி நடந்துகொள்கிறார் என்பதையும் பாருங்கள், அதைக் கிண்டல் செய்கிறவரோ, வேண்டுமென்றே குரலை ஏற்றுகிறவரோ என்றால் அங்கே பிரச்சினை உங்கள் சிறுவயதில் இல்லை.